வெஸ்ட் எண்ட் புளூஸ்: அப்படி என்னதான் இருக்கிறது?

நல்லூர்ப் பொடியன்:
பாடசாலை பாண்டில் ட்ரம்பட் வாசிக்கிறேன். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங் 1928இல் பதிவுசெய்த வெஸ்ட் எண்ட் புளூஸைக் கட்டாயம் கேட்கச் சொன்னார் எங்கள் மாஸ்டர். கேட்டேன், ட்ரம்பட் தனியாக வரும் அந்த ஆரம்பம் மெய்சிலிர்க்க வைக்கிறது, ஆனால் பிறகு வருவது மெதுவான சாதாரண புளூஸ்தானே, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த அந்தப் பாட்டு வகை? இதை ஏன் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

இணுவிலான்:
தம்பி, முதலில் ஆம்ஸ்ட்ரோங்குக்கு மூத்த ஜாஸ் கலைஞர் கிங் ஒலிவரின் பதிவைத் தேடிக் கேளுங்கோ. மெட்டு அவருடையது. 1922இல் ஆம்ஸ்ட்ரோங்கைச் சிக்காகோவுக்குக் கூப்பிட்டுத் தன் குழுவில் சேர்த்தவரும் அவர்தான். 1928 ஜூனில், ஆம்ஸ்ட்ரோங்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் இதைப் பதிவுசெய்துவிட்டார், அதில் அந்தத் தனி ஆரம்பம் கிடையாது. ஆம்ஸ்ட்ரோங்குடைய அந்த ஆரம்பம் கால் நிமிடம்கூட வராது, துணை வாத்தியமும் இல்லை. நாதஸ்வர ஆலாபனை கேட்டு வளர்ந்த எங்களுக்கு ஒருவர் தனியே தொடங்குவது பழகிய விஷயம், ஆனால் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ஜாஸ் அதுவரை பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து பின்னி வாசித்த இசை. தனி வாசிப்பு ஜாஸின் நடுவுக்கு வந்ததில் ஆம்ஸ்ட்ரோங்கின் அந்தக் காலப் பதிவுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அவற்றில் இதுதான் உச்சம் என்பது என் எண்ணம்.

பலாலி வீதி:
அண்ணை சொன்னது சரி, ஆனால் "சாதாரண புளூஸ்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட அதே சுற்றுத்தான் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் முகம் மாறுகிறது. கிளாரினெட் ஒரு வரி சொல்ல ஆம்ஸ்ட்ரோங் சொல்லே இல்லாமல் குரலால் பதில் பாடும் இடத்தை வடிவாகக் கேளுங்கோ, எவ்வளவு மென்மை! அப்புறம் ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. கடைசிச் சுற்றில் ஆம்ஸ்ட்ரோங் உச்சத்தில் ஒரே சுரத்தை ஏறக்குறைய நாலு பார் பிடித்து நிற்கிறார், அதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று ட்ரம்பட் வாசிக்கிற உங்களுக்கே தெரியும். சிறுவயதில் தன்னை ஈர்த்த பதிவு என்று ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே இதைச் சொல்லியிருக்கிறார். சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1949இல் ஒரு மேடையில் அந்த ஆரம்பத்தையே சாக்சபோனில் எடுத்து வாசித்தார், அவர் காலத்து ஜாஸ் எவ்வளவோ மாறியிருந்தும்.

நல்லூர்ப் பொடியன்:
ஒலிவருடையதையும் கேட்டேன், வித்தியாசம் நன்றாக விளங்குகிறது. அந்த ஆரம்பத்தை நான் பழகிப் பார்க்கலாமா?

இணுவிலான்:
ஓம், தாராளமாக. முதல் நாலு சுரமும் சமமாக, அழுத்தமாக விழும், ஓட்டம் அதற்குப் பிறகுதான், அதனால் அந்த நாலிலும் அவசரப்படாதீங்கோ. முதலில் வாயால் பாடிப் பாருங்கோ, சரியாக வந்த பிறகு ட்ரம்பட்டை எடுங்கோ.