லாங்போ சொல்லிச் செய்யும்போது நீளம், வடிவம், கைப்பிடி: எதை முதலில் முடிவு செய்வது?

தென்னந்தோப்பான் (பொள்ளாச்சி):

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகக் கோவையில் ஒரு பயிற்சிக் களத்தில் ரிகர்வ் வில்லில் (நுனிகள் இலக்குப் பக்கம் வளைந்த வில்) எய்து வருகிறேன். குறிபார்க்கும் சைட், ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் என்று பூட்டுவதும் கழற்றுவதுமாகவே பாதிப் பொழுது கழிகிற சலிப்பில், தோப்பில் தனியாக எய்வதற்கென்று ஒரு லாங்போவை (இத்தகைய கருவிகள் இல்லாத நீண்ட, எளிய வில்) சொல்லிச் செய்துகொள்ள எண்ணியிருக்கிறேன். இழுநீளம், இழுவிசை, வில்லின் நீளம், லிம்பின் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) வடிவம், கைப்பிடி ஆகியவற்றை எழுதி அனுப்புமாறு வில் செய்பவர் கேட்டிருக்கிறார்.

ரிகர்வில் என் இழுநீளம் 29 அங்குலம். விரலில் தாங்குவது 36 பவுண்டு. சென்ற மாதம் நண்பர் ஒருவரின் 62 அங்குல லாங்போவை வாங்கி, என்னிடம் இருந்த கார்பன் அம்புகளையே தொடுத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு அங்குலத்தில் நாண் கல்லில் கட்டியதுபோல் நின்றது. அம்பின் குதையோடு (நாணில் பொருந்தும் வால்முனை) சேர்ந்து விரல்களும் நசுங்கின. நாணை விட்டதும் முழங்கை வரை ஓர் உதறல் ஏறியது. வலக்கைக்காரனான எனக்கு அம்புகள் எல்லாம் இடப்பக்கமே போய் விழுந்தன. இது விசையின் குற்றமா, வடிவத்தின் குற்றமா? லாங்போ வேகம் குறைந்தது என்பதால் 45 பவுண்டு கேட்கலாமா? முழு மரத்தில் செய்த ஆங்கிலேய வகை வில்லின் மீதுதான் மனம் போகிறது.

நொய்யல்கரையான் (திருப்பூர்):

தம்பி, நாண் நின்றுபோனதற்கு ஒரு காரணம், கை உதறியதற்கு வேறொரு காரணம். வில் குட்டையாக இருந்து இழுப்பு நீளும்போது, நாணுக்கும் லிம்பின் நுனிக்கும் இடையிலான கோணம் விரிந்துகொண்டே போய்ச் செங்கோணத்தைத் தாண்டிவிடும். அதன்பின் நாம் இழுக்கும் விசை லிம்பை வளைப்பதற்குப் பதிலாக அதன் நீளவாக்கிலேயே பெரும்பகுதி செலவாவதால், அதுவரை அங்குலத்துக்கு இரண்டரை, மூன்று பவுண்டு என்று சீராக ஏறிவந்த விசை சட்டென்று எகிறும். நாண் கூர்மையாக மடிவதால் விரலும் நசுங்கும். 28 அங்குலம் இழுப்பவருக்கு 66 அல்லது 68 அங்குல வில் பொருந்தும். புதருக்குள் நுழைந்து வேட்டையாடுபவருக்குக் குட்டை வில் வசதி; தோப்பில் வைக்கோல் கட்டைப் பார்த்து எய்பவருக்கு அது எதற்கு?

ஆனால் 29 என்பதை அப்படியே எழுதி அனுப்பிவிடாதீர்கள். ரிகர்வில் நாணைத் தாடைக்கு அடியில் கொண்டுவந்து நிமிர்ந்து நிற்கிறீர்கள். லாங்போவில் பெரும்பாலோர் வாயோரத்தில் கையை நிறுத்தி, தலையைச் சற்றுச் சாய்த்து, வில்லேந்தும் முழங்கையை இலேசாகத் தளர்த்தி எய்கிறோம். இதிலேயே ஓர் அங்குலம் குறையக்கூடும். நீளமான அம்பு ஒன்றில் கால் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, இழுவிசை குறைந்த வில்லில் அதைத் தொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்து நிறுத்துங்கள். வில்லின் முன்முகத்தில் எந்தக் கோடு நிற்கிறது என்பதைப் பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். பத்து முறை செய்தால் உங்கள் உண்மையான நீளம் தெரிந்துவிடும்.

வடிவத்துக்கு வருகிறேன். ஆங்கிலேய வில்லின் லிம்ப் குறுகலாகவும் தடிமனாகவும், வயிற்றுப்பக்கம், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கம், உருண்டும் இருக்கும். யூ மரத்தின் வெளிமரம் இலக்கைப் பார்க்கும் முதுகில் நின்று இழுவையையும், உள்வைரம் வயிற்றில் நின்று அமுக்கத்தையும் தாங்கும். மரமே போட்ட இரட்டை அடுக்கு அது. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட வில்களில் பெரும்பாலானவை 100 பவுண்டைத் தாண்டியவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் தொடுத்தவை கனத்த போரம்புகள். நாற்பது பவுண்டுக்குக் கீழே இலேசான அம்பு எய்யும் நமக்கு அந்த வடிவம் தருவது பெரும்பாலும் அழகும், கையில் ஓர் அதிர்வும்தான்.

ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ் வில்லில் லிம்ப் கைப்பிடிக்கு அருகே எய்பவரை நோக்கிச் சாய்ந்து, நுனிக்குப் போகும்போது இலக்கை நோக்கி வளையும். முதல் சாய்வு வில்லை அடக்கமாக வைக்கிறது. நுனி வளைவு தொடக்க இழுப்பிலேயே விசையைச் சேமித்து வேகத்தைக் கூட்டுகிறது. நுனியை மெலிதாக்கிச் செய்தால் கை உதறல் பெருமளவு அடங்கும். ரிகர்விலிருந்து வருகிற உங்களுக்கு இதையே சொல்வேன்.

பெருந்துறைக்காரன்:

45 பவுண்டு வேண்டாம் ஐயா. ஆசையில் 50 பவுண்டு வில்லைச் சொல்லிச் செய்து, ஏழு மாதம் காத்திருந்து வாங்கினேன். முதல் பத்து அம்புகளில் கொல்லிமலை வல்வில் ஓரியே நான்தான் என்று நினைத்தேன். முப்பதாவது அம்பில் தோள் நடுங்கி, முழு இழுப்புக்கு வருமுன்பே நாண் கைநழுவியது. இப்போது அது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். 36-ஐத் தாங்குகிறவர் 38-க்கு மேல் போகத் தேவையில்லை. வில் வந்ததும் கொப்பரை நிறுக்கும் தொங்கு தராசில் நாணை மாட்டி இழுத்துப் பாருங்கள். 38 பவுண்டு என்றால் 17 கிலோவைச் சற்றே தாண்டிக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வில்லை வைக்கவே கூடாது. ஃபைபர்கிளாஸ் வில்லின் பசை இளகும். முழு மர வில்லை நாண் பூட்டியபடி விட்டால் அது நிரந்தரமாகவே வளைந்துவிடும்.

பவானி கூடுதுறை:

இடப்பக்கம் விழுந்த அம்புகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. லாங்போவின் அம்பு மேடை (அம்பை வைக்கக் கைப்பிடிக்கு மேல் வெட்டிய இடம்) வில்லின் நடுக்கோடு வரை வெட்டப்படாததால், அம்பு புறப்படும்போது வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விறைப்பான அம்பு வளையாது. வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம் போகும். ஆங்கிலேய வில்லில் மேடையே கிடையாது, வில்லைப் பிடித்த கைமுட்டியின் மேல் வைத்துத்தான் எய்ய வேண்டும். அதற்கு இன்னும் மெத்தென்ற ஸ்பைன் (அம்புத் தண்டின் விறைப்பு) வேண்டும். நடுக்கோட்டுக்கு அரைக்கால் அங்குலம் முன்புவரை வெட்டச் சொன்னால் அம்புத் தேர்வு எளிதாகும். பிளாஸ்டிக் இறகு மேடையில் உரசித் தெறிக்கும் என்பதால் பறவையிறகே வேண்டும். அது பெரிதாக இருந்தால் ஆடிக் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் அம்பு நன்றாகவே ஒதுங்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

கை உதறியதில் அம்புக்கும் பங்குண்டு. இலேசான அம்பு வில்லின் ஆற்றலை முழுவதும் எடுத்துக்கொண்டு போவதில்லை. மிச்சம் உங்கள் முழங்கைக்கு வருகிறது. பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்று வைத்தால் 38 பவுண்டுக்கு 380 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 25 கிராம். ஆனால் வில் கைக்கு வரும்வரை அம்பு வாங்காதீர்கள்.

கைப்பிடியையும் எளிதாக விடவேண்டாம். நேர்த்தடி போன்ற பிடியில் உள்ளங்கையின் அடிப்பகுதி ஒரு நாள் அழுத்தும், மறுநாள் அழுத்தாது. அம்பும் அதற்கேற்ப ஏறி இறங்கும். இலேசாகக் குழிந்த பிடியில் கை தானே ஒரே இடத்தில் அமரும். ஒரு விரல் அம்புக்கு மேலும் இரண்டு கீழுமாக இழுப்பீர்களா, மூன்றும் கீழேயா என்பதையும் எழுதிவிடுங்கள். மேல்கீழ் லிம்புகளின் விறைப்பை வில் செய்பவர் அதற்கேற்பச் சீவுவார்.

தென்னந்தோப்பான் (பொள்ளாச்சி):

மிக்க நன்றி அண்ணன்களே. நேற்று மாலை தோப்பில் என் மகள் பக்கத்தில் நின்று கோட்டைப் பார்த்துச் சொன்னாள். பத்தில் எட்டு முறை 27¾. இரண்டு முறை, களைப்பில், 27½. ஆகவே 66 அங்குலம், ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ், குழிந்த பிடி, 28 அங்குலத்தில் 38 பவுண்டு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நொய்யல்கரையான் (திருப்பூர்):

எல்லாம் சரி தம்பி, கடைசி வரியை மட்டும் திருத்துங்கள்: 28-இல் அல்ல, உங்கள் 27¾-இல் 38 என்று எழுதுங்கள்.