‘ஒரு வேலை இருக்கு, வர்றியா?’ – அனுபவப் பகிர்வு

ஜெராக்ஸ் அக்கா

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போற ரோட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பதினொரு வருஷம் ஆச்சு. பதிவைப் புதுப்பிக்க மூணு வருஷத்துக்கு ஒருக்கா அதே முகங்க வரும். மொத தடவை அப்பா கூட வருவாங்க, அடுத்த தடவை தனியா, மூணாவது தடவை தாடியோட. இப்ப எல்லாம் ஆன்லைன்ங்கிறதால ஆபீஸ் வரைக்கும்கூடப் போறதில்ல, என் கடை ஸ்டூல்லயே வேலை முடிஞ்சிரும்.

அதுல ஒரு பையன், பி.காம். பதிவு பண்ணி அஞ்சு வருஷம் காத்திருந்தா அரசாங்கம் உதவித்தொகை குடுக்கும், தெரியும்ல? பட்டதாரிக்கு மாசம் 600 ரூபாய், ப்ளஸ் டூவுக்கு 400, பத்தாவது பாஸுக்கு 300, ஃபெயிலுக்கு 200. அதுவும் மூணு வருஷம் வரைக்கும்தான். அந்த ஃபாரத்தை என்கிட்டதான் ப்ரிண்ட் எடுத்தான்.

போன தீபாவளிக்கு முன்னாடி ஆதார், பான் கார்டு, வாடகை ஒப்பந்தம்னு ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்தான். “வேலை கிடைச்சிருச்சுக்கா.” என்ன வேலைடான்னா “அக்கவுண்ட் சம்பந்தமா”ன்னான். பி.காம். படிச்ச பையன் அக்கவுண்ட்னா நான் என்ன நினைப்பேன்? டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன்.

வேலை என்னன்னா, இல்லாத ஒரு ஜவுளிக்கடை பேர்ல அவன் ஒரு கரண்ட் அக்கவுண்ட் தொறக்கணும். செக் புக், ஏடிஎம் கார்டு, அதோட சேர்ந்த சிம்மு, எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆள்கிட்ட குடுக்கணும். பதினஞ்சாயிரம் கையில. அம்புட்டுதான். ரெண்டு நாள்ல 19 லட்சம் உள்ள வந்து வெளிய போயிருக்கு. எங்கேயோ ஒரு ரிட்டையர்டு டீச்சரை போலீஸ் மாதிரி நடிச்சு ‘டிஜிட்டல் அரெஸ்ட்’னு வீடியோ கால்ல மிரட்டிப் போட வச்ச பணம். அந்தம்மா சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு போன் பண்ணதும் இவன் பேர்ல இருந்த அக்கவுண்ட் எல்லாம் முடங்கிருச்சு. பழைய அக்கவுண்ட்ல கெடந்த உதவித்தொகையும் சேர்ந்துதான்.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். ‘திருடப் போலாம் வா’ன்னு யாராச்சும் கூப்பிட்டிருந்தா அவன் செருப்பைக் கழட்டியிருப்பான். ‘வேலை இருக்கு வா’ன்னு கூப்பிட்டாங்க, போயிட்டான்.

இது மாதிரி நீங்க பார்த்தது, பட்டது இருந்தா எழுதுங்க. ‘படிச்சவன் இப்படிப் பண்ணலாமா’ங்கிற பிரசங்கம் மட்டும் வேண்டாம். கடையில தெனம் கேக்குறேன்.

ரைட்டர் (ஓய்வு)

1984-ல் கிரேடு டூ போலீசாகச் சேர்ந்தேன். சர்வீசில் பாதி ஸ்டேஷன் ரைட்டர் மேசையில் கழிந்தது. பிடிபட்டவன் வாயால் சொல்வதைக் காகிதத்தில் ஏற்றுவதுதான் என் வேலை என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஏட்டையா சொல்வார், “அந்தக் காலத்துல வேலை இல்லைங்கிறதே கேஸுடா.” கிண்டல் இல்லை. 1898-ஆம் வருஷக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 109-வது பிரிவு அப்படித்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லாதவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி நன்னடத்தை ஜாமீன் கேட்கலாம். 1973-ல் புதுச் சட்டம் எழுதியபோது அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். பழக்கத்தை யார் எடுப்பது? ராத்திரி ரோந்தில் ஒருவனை நிறுத்தினால் முதல் கேள்வி “பேர் என்ன”, அடுத்தது “எங்க வேலை பாக்குற”. அதற்கு முழித்தால் ஜீப்பில் ஏறு. நானும் ஏற்றியிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வேலை போனால் திருட்டு கூடும் என்பது எல்லோரும் சொல்வது. நானும் நம்பினேன், 2020 வரைக்கும். அந்த ஏப்ரலில் நாட்டில் வேலையின்மை 23 சதவீதத்தைத் தாண்டியதாக சிஎம்ஐஇ என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு சொன்னது. ஸ்டேஷனில் நாங்கள் பூட்டு உடைப்புக் கேஸ் குவியும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறான், எந்தப் பூட்டை உடைப்பது? பஸ் ஓடவில்லை, பிக்பாக்கெட்டுக்கும் லாக்டவுன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2020 அறிக்கையிலும் திருட்டு, கன்னக்களவு, கொள்ளை எல்லாமே முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. மொத்த வழக்கு மட்டும் எகிறியது, ஏனென்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு. ஊரடங்கை மீறி வெளியே வந்தவன் மேல் போட்டது. நாடு முழுக்க 2019-ல் 29,469 வழக்கு, 2020-ல் 6,12,179. அதில் வேலை தேடி வெளியே வந்தவன் எத்தனை பேர் என்று அறிக்கையின் எந்தக் கட்டத்திலும் எழுதியதில்லை.

என் ஸ்டேஷன் லிமிட்டில் மாற்றம் தெரிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. பசித்தவன் உடனே கத்தியை எடுப்பதில்லை. முதலில் அடகுக்கடை, அப்புறம் மச்சினனிடம் கைமாற்று, அப்புறம் மீட்டர் வட்டி. அதெல்லாம் தீர்ந்தபிறகுதான் எங்களிடம் வருகிறான். அப்போது வந்தவர்கள் புதுக் கைகள். செயின் அறுப்பில் பிடிபட்ட ஒருவன் டிராவல்ஸ் வேன் ஓட்டியவன். எட்டு மாச டியூ பாக்கி, வேனைத் தூக்கிவிட்டார்கள். பழைய ஹிஸ்டரி ஷீட்காரன் ரிமாண்டுக்குப் போகும்போது லுங்கி, பிரஷ், பீடிக்கட்டு எல்லாம் பையில் தயாராக இருக்கும். இவன் ஸ்டேஷனில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அறுத்த செயின் கவரிங். அதை நான் சொன்னபோதுதான் அழுதான்.

வெட்டி ஆபீசர்

மூணு வருஷம் ஏழு மாசம் சும்மா இருந்தவன் பேசுறேன். அந்தக் காலத்துல நான் செஞ்ச ஒரே குற்றம் எங்கம்மாவோட கடுகு டப்பாவுல கை வச்சது. கல்யாண வீட்டுல “தம்பி இப்ப என்ன பண்றாப்ல?”ன்னு கேக்குற பெரியப்பாக்கள் மேல கொலைவெறி வந்தது நிஜம். ஆனா அது எந்த செக்‌ஷன்லயும் வராது.

ரைட்டர் சார் சொன்ன ரெண்டாவது கேள்வி எனக்கும் நடந்துச்சு, டீக்கடை வாசல்ல ராத்திரி பதினொண்ணரைக்கு. “டிஎன்பிஎஸ்சி படிக்கிறேன் சார்”னேன். விட்டுட்டாங்க. அதுலேர்ந்து என் பையில எப்பவும் ஒரு பொது அறிவுப் புத்தகம் இருக்கும். படிக்க இல்ல.

மோய் ஆத்துக்கரை

ரொம்ப நாளா எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். அக்கா சொன்ன ‘வேலை இருக்கு வா’வைப் படிச்சதும் எழுதுறேன்.

2022, ஜூலை. இன்ஜினியரிங் முடிச்சு நாலு வருஷம். பாங்காக்குல ‘டிஜிட்டல் சேல்ஸ்’ வேலை, மாசம் எழுபதாயிரம்னு ஏஜென்ட் சொன்னார். ஒன்றரை லட்சம் கட்டினேன், அம்மா வளையல். இன்டர்வியூகூட வச்சாங்க. நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை டைப் பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. பெருமையாச் சொன்னேன்.

ஏர்போர்ட்டுல என் பேர் எழுதின அட்டையோட ஒருத்தன் நின்னான். வாழ்க்கையில எனக்காக ஒருத்தன் அட்டை பிடிச்சது அதான் மொத தடவை. காருல ஏழெட்டு மணி நேரம். மே சோட்னு தாய்லாந்து எல்லையில ஒரு ஊர். ராத்திரி ஒரு ஆறு, சின்ன ஆறுதான், படகு கிளம்பி ஒரு பீடி பத்த வைக்கிறதுக்குள்ள அக்கரை வந்துரும். அக்கரையில துப்பாக்கி வச்சவங்க. போன்ல மேப் பார்த்தா மியாவாடி, மியான்மர். அடுத்த நிமிஷம் போனை வாங்கிட்டாங்க.

வேலையைச் சொல்லிர்றேன். ஒரு பொண்ணு போட்டோவை வச்சு கணக்குத் தொறந்து, வெளிநாட்டுல தனியா இருக்குற வயசான ஆம்பளைங்ககிட்ட பேசணும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, நாய்க்குட்டி எப்படி இருக்கு. மூணு வாரம் பாசம். நாலாவது வாரம் கிரிப்டோவுல போடுங்கன்னு ஒரு லிங்க். தெனம் பதினாறு மணி நேரம். டார்கெட் வரலைன்னா வெயில்ல மைதானத்தைச் சுத்தி ஓட்டம், அதுக்கும் மேல போனா கரண்ட் ஷாக். போகணும்னு சொன்னா, உன்னை வாங்கின காசைக் கட்டிட்டுப் போ.

ஆனா எனக்கு மறக்க முடியாதது ஷாக் இல்ல. ரெண்டாவது மாசம் நான் பேசிக்கிட்டிருந்த ஒருத்தர் பணம் போட்டார். அங்க பெருசா ஒரு டிரம் இருக்கும், யாராச்சும் மாட்டினா டீம் லீடர் அதை அடிப்பான். அடிச்சான். ஹால்ல அத்தனை பேரும் எந்திரிச்சுக் கைதட்டுனாங்க. நாலு வருஷத்துல எனக்கு ஒருத்தர் கைதட்டினது அன்னைக்குத்தான். ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. இதை வீட்டுல இன்னும் சொல்லல.

தாய்லாந்து வேலைன்னு ஐ.டி. பசங்களைக் கூட்டிட்டுப் போறாங்க, சூதானம்னு வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது 2022 செப்டம்பர் 24. அப்ப நான் ஆத்தைத் தாண்டி ரெண்டு மாசம். எப்படித் திரும்பி வந்தேங்கிறது தனிக் கதை, இங்க வேண்டாம். 2025 மார்ச்சுல மே சோட்லேர்ந்து விமானப்படை விமானத்துல 500 பேருக்கு மேல கூட்டிட்டு வந்தாங்கல்ல, அதை டிவியில பார்க்கும்போது அப்பா எந்திரிச்சுப் போய் டிவியை அமத்திட்டார்.

14(பி)

நம்ம கேஸு தலைகீழ். எனக்கு வேலை இல்லாததால கேஸ் வரல, கேஸ் வந்ததால வேலை போச்சு.

கோயில் திருவிழாவுல ரெண்டு தெருவுக்கும் அடிதடி. எஃப்.ஐ.ஆர்.ல பதினாலாவது பேரா நான். அப்ப நான் முளைப்பாரி தூக்குன எங்க அத்தைக்குக் குடை பிடிச்சுட்டு நின்னேன், அத்தை சாட்சி சொன்னா கோர்ட்டு ஏத்துக்குமா? நாலு வருஷம் வாய்தா. கடைசியில சாட்சிகள் பிறழ்ந்து ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’. வீட்டுல சக்கரைப் பொங்கல் வச்சாங்க.

அப்புறம் காவலர் தேர்வு எழுதி, கயிறு ஏறி, ஓடி, எல்லாம் பாஸ். வெரிஃபிகேஷன்ல நின்னுச்சு. போலீசுக்கு ஆள் எடுக்குற விதி 14(பி)ன்னாங்க. சந்தேகத்தின் பலன்ல விடுதலை ஆனவனை வழக்குல சம்பந்தப்பட்டவனாத்தான் எடுத்துக்குவாங்களாம். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வே 2008-ல அதைச் சரின்னு சொல்லியிருக்கு. அந்தப் பொங்கல் வச்ச அன்னைக்கே வக்கீல்கிட்ட ‘கௌரவமான விடுதலை’ன்னு எழுதி வாங்க முடியுமான்னு கேட்டிருக்கணும். யாருக்குத் தெரியும்?

போலீஸ் வேலைதான் இல்ல, போகட்டும். ஏடிஎம் வாசல்ல ராத்திரி உக்காரக்கூட நன்னடத்தைச் சான்று கேக்குறாங்க. என் பேரைப் போட்டா பழைய கேஸ் வந்து நிக்குது. அதே திருவிழாவுல நிஜமாவே அடிச்சவன் இப்ப பார் ஏலம் எடுத்து நடத்துறான். “சும்மாதானடா இருக்க, வசூலுக்கு வர்றியா?”ன்னு ரெண்டு தடவை ஆள் விட்டான். மாமாவோட ஆட்டோவை ராத்திரி ஷிப்ட் ஓட்டுறேன். மூணாவது தடவை ஆள் வரும்போது மாமா ஆட்டோவை விக்காம இருக்கணும்.

உசிலம்பட்டிப் பேரன்

ரைட்டர் ஐயா 1898-ன்னு ஆரம்பிச்சதால சொல்றேன். எங்க பூட்டன் பார்த்தது காவல் வேலை. ஊர்க் காவல். களத்து நெல்லு, மாடு கன்னு எல்லாத்துக்கும் பொறுப்பு, அறுப்புக்கு அறுப்பு ஊர்க்காரங்க கூலி அளப்பாங்க. காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா துப்புக்கூலி. காவக்காரனே மாட்டை ஓட்டிட்டுப் போய் துப்புக்கூலி கேட்ட கதையும் உண்டு, நம்ம ஆளுகளை ரொம்ப வெள்ளையடிக்க வேண்டாம்.

வெள்ளைக்காரன் போலீசைக் கொண்டு வந்ததும் காவலுக்கு வேலை இல்ல. வேலையைப் பறிச்சவன், பிழைப்புக்கு என்ன வழின்னு யோசிக்கல. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளின்னு முத்திரை குத்துற குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தான். வடக்கே 1871-லேயே வந்தது, சென்னை மாகாணத்துக்கு 1911-க்குப் பிறகு. எங்க பக்கம் ரேகைச் சட்டம்னுதான் சொல்லுவாங்க. ஆம்பளைங்க கைரேகை வைக்கணும், வெளியூர் போனா சீட்டு வாங்கணும், ராத்திரி அவன் சொன்ன எடத்துல படுக்கணும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்களைச் சுட்டாங்க. செத்தவங்கள்ல மாயக்காள்னு ஒரு பொம்பளையும் உண்டு. சட்டம் இங்க ஒழிஞ்சது 1947-ல.

ராத்திரி முழுக்க சாவடியில படுத்துக் கெடக்கணும்னா தண்ணி பாய்ச்சற வேலைக்கு எவன் கூப்பிடுவான்? தாத்தா இதைத்தான் திரும்பத் திரும்பக் கேப்பாரு.

ஜெராக்ஸ் அக்கா

எல்லாத்தையும் படிச்சேன். மோய் ஆத்துத் தம்பி, வீட்டுல சொல்லாததை இங்க சொல்லிட்ட, அது போதும்ப்பா.

என் கடைப் பையன் நேத்து வந்தான். உணவு டெலிவரிக்குச் சேரப் போயிருக்கான், சொந்தப் பேர்ல அக்கவுண்ட் வேணும்னுட்டாங்க. அது முடங்கிக் கெடக்கு. வேற பேங்க்ல தொறக்கப் போனா பான் நம்பரைப் பார்த்துட்டு நாளைக்கு வாங்கன்றாங்க. இப்ப தக்காளி மண்டியில மூட்டை எறக்குறான், கையில காசு. ரைட்டர் ஐயா, வடக்க ஒரு சைபர் கிரைம் ஸ்டேஷன்லேர்ந்து அவன் வாட்ஸ்ஆப்புக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கு, 35-வது பிரிவுன்னு போட்டிருக்கு. அதைத்தான் ப்ரிண்ட் எடுத்தான். ரயில் ஏறிப் போகணுமா?

ரைட்டர் (ஓய்வு)

அது விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ். அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது தங்கச்சி, 2025-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் செல்லாது என்று கிழித்துப் போட வேண்டாம். அடுத்தது முறைப்படி நேரில் வரும், அதற்குப் போகாவிட்டால் கைது செய்ய அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். முதலில் நோட்டீஸ் உண்மையா என்று அந்த ஸ்டேஷனின் லேண்ட்லைனில் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பெயரிலும் ஒரு கூட்டம் காசு பறிக்கிறது. உண்மை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலுக்கு மனு கொடுக்கலாம், அது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும்.

இன்னொன்று முக்கியம். பஸ் ஸ்டாண்டில் கவர் வாங்கிய ஆளின் நம்பர், சாட், பதினஞ்சாயிரம் வந்த விவரம், எதையும் அழிக்க வேண்டாம். பயத்தில் எல்லாரும் முதலில் அதைத்தான் அழிக்கிறார்கள்.

ஜெராக்ஸ் அக்கா

அழிச்சுட்டானாம் ஐயா. இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன். ஆனா அன்னைக்கு அந்த ஆளு சொல்லிச் சொல்லி எழுத வச்ச வாடகை ஒப்பந்தத்தோட ஒரு நகல் சரியா விழலைன்னு நான் தூக்கிப் போட்டது, கடை மேசைக்கு அடியில ரஃப் பேப்பர் கட்டுல கெடக்கும். அதுல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு இருந்துச்சு. தேடிப் பார்த்துட்டு வர்றேன்.