டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்த எலிகளில் ஒலித் துலங்கல் பெரிதாகிறது: விழிப்பை எதைக் கொண்டு அளப்பது?

மயக்கமூட்டும் மருந்துகள் விழிப்புநிலையை எவ்வளவு குறைக்கின்றன என்பதை, ஒலிக்கு மூளை காட்டும் மின்துலங்கலைக் கொண்டு விஸ்டார் என்னும் ஆய்வக வகை எலிகளில் அளந்துவருகிறேன். மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் மயக்கமூட்டும் மருந்தைச் செலுத்திய சிறிது நேரத்தில் எலி அசைவற்றுப் போகிறது, 1 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையிலான டெல்டா அலைகள் (ஆழ்ந்த உறக்கத்தில் தோன்றும் மெதுவான மூளை அலைகள்) ஓங்குகின்றன. இதுவரை எதிர்பார்த்ததே. ஆனால், சுருங்கும் என்று நான் கருதிய துலங்கலின் வீச்சு பெரிதாகிறது. அதன் உச்சமும் தாமதமாக வருகிறது.

மண்டையோட்டில் பதித்த திருகு மின்முனைகளில் ஒன்று செவிப்புறணிக்கு (ஒலியைக் கையாளும் மூளைப் பகுதி) மேலும், ஒப்பீட்டு மின்முனை சிறுமூளைக்கு மேலும் உள்ளன. 2 நொடிக்கு ஒரு கிளிக் ஒலி தந்து, 200 துலங்கல்களைச் சராசரியாக்குகிறேன்.

உப்புக்கரைசல் மட்டும் செலுத்திய நாட்களில் மாற்றமே இல்லை. மின்முனைகளின் மின்தடையும் மாறவில்லை. இம்மருந்து உடல் வெப்பத்தை இறக்கும், உடல் குளிர்ந்தால் துலங்கல் தாமதமாகும் என்பதால், வெப்பத் திண்டு வைத்து உடலை 37 டிகிரி செல்சியஸில் நிறுத்திப் பார்த்தேன். தாமதம் ஓரளவு குறைந்ததே தவிர வீச்சு குறையவில்லை. மாற்றுமருந்தான அடிபாமசோல் கொடுத்ததும் வீச்சும் தாமதமும் பழைய நிலைக்குத் திரும்பின. டெல்டாவை மட்டும் நம்பவும் மனம் ஒப்பவில்லை: அட்ரோபின் (அசிட்டைல்கோலின் என்னும் நரம்புக் கடத்தியின் செயலைத் தடுக்கும் மருந்து) பெற்ற விலங்கு விழித்து நடமாடும்போதே மெதுவலைகள் தோன்றுவது 1950களிலிருந்தே அறிந்ததுதான்.

தனிக் கிளிக்கின் வீச்சை விட்டுவிட்டு, 40 ஹெர்ட்ஸ் தொடர் கிளிக்குகளுக்கு எழும் துலங்கலின் கட்ட ஒத்திசைவை (ஒவ்வொரு முறையும் துலங்கல் அலை எவ்வளவு ஒரே நேர ஒழுங்கில் எழுகிறது என்பதை) இந்த மருந்துக்கான விழிப்பு அளவுகோலாகக் கொள்ளலாமா?