வள்ளத்து டீசல் ஃபில்டரை எந்த உயரத்தில் வைத்தால் காற்றுப் பிடிக்காது?

கேள்வி, உவரியிலிருந்து:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் வள்ளத்தின் டீசல் எஞ்சின் விடியற்காலையில் உடனே கிளம்பிவிடுகிறது; ஆனால் இரண்டு நிமிடம் ஓடியதும் இழுத்து இழுத்து நின்றுபோகிறது. ஏர் எடுத்துவிட்டால், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டால், அன்றைக்கு முழுவதும் ஓடும். மறுநாள் மீண்டும் அதே தொல்லைதான். டேங்க் வள்ளத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. மாற்றுவதற்குக் கைக்கு எட்ட வேண்டும் என்று ஃபில்டரை அதற்கு இரண்டு அடி மேலே பக்கப் பலகையில் முடுக்கியிருக்கிறேன். எல்லா இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. கச்சான் காற்று பலமாக வீசும்போது பாறைக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஃபில்டர் இருக்கும் இடம்தான் காரணமா?

மறுமொழி, தூத்துக்குடியிலிருந்து, எஞ்சின் வேலை செய்பவர்:

தம்பி, சொட்டு இல்லை என்பதே அங்கே காற்று நுழைகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். டேங்கிலிருந்து, டீசலை இழுத்து எஞ்சினுக்கு அனுப்பும் ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதியில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஆகவே மயிரிழை இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும். எஞ்சினை நிறுத்திய பிறகு, இரண்டு அடி உயரத்தில் நிற்கும் டீசல் அந்த இடைவெளி வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டு இரவோடு இரவாக டேங்குக்கு இறங்கிவிடுகிறது. காலையில் பம்பில் மிஞ்சியிருக்கும் டீசல்தான் உங்கள் இரண்டு நிமிட ஓட்டம்.

ஃபில்டரை டேங்கின் டீசல் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். அப்போது அதன் இணைப்புகளில் டீசலின் எடை நிற்பதால், கசிவு இருந்தால் வெளியே சொட்டி அதுவே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஹோஸ் எங்கேயும் மேலே ஏறி வளைந்து இறங்கக் கூடாது. அந்த வளைவில் காற்று தேங்கும். பேஞ்சோ போல்ட்டுகளின் (குழாய் முனையை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்டுகள்) செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். அங்கே டெஃப்லான் டேப் சுற்றவே வேண்டாம். பிய்ந்த துணுக்கு பம்புக்குள் போய் அடைக்கும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்குக் கண்ணாடிபோல் தெரியும் ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்தி ஓட்டிப் பார்த்தால் குமிழி வருகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் உறிஞ்சும் இழுவை கூடி, சின்னக் கசிவும் பெரிதாகும் என்பதை மறக்காதீர்கள்.

மறுமொழி, கூட்டப்புளியிலிருந்து:

அண்ணாச்சி சொல்வது சரி. எங்கள் வள்ளத்திலும் இறக்கித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் டேங்க் வாயிலேயே ஒரு வால்வு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஃபில்டரைத் திறந்ததும் டீசல் முழுவதும் அடித்தளத்தில் ஓடிவிடும். அடியில் தேங்கும் உப்புத் தண்ணீர் தொடாத உயரமும், சைலன்சர் சூடு படாத தூரமும் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் டீசல் குறைந்திருக்கும்போது வள்ளம் ஆடினாலும் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும்.

கேட்டவர், நான்கு நாள் கழித்து:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தெரியும் ஹோஸில் கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடியதைப் பார்த்தேன். டேங்கை நிரப்பி, ஃபில்டரை அதன் பக்கத்திலேயே இறக்கிப் பொருத்திய மறுநாள் காலையில் ஃபில்டர் மூடியின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், போன முறை மாற்றியபோது எடுக்காமல் விட்ட பழைய ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பள்ளத்தில் கறுப்பாக ஒட்டிக்கிடக்க, அதன் மேலேயே புதியது உட்கார்ந்திருந்தது. முடுக்கியது நான்தான். இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றே ஒன்று போட்டேன். மூன்று விடியற்காலையாக ஏர் எடுக்காமலே வலை இழுத்துத் திரும்புகிறோம். வால்வு வாங்க நாளைக்குத் திசையன்விளை போகிறேன். அது வரும்வரை ஃபில்டரைத் திறப்பதில்லை.