புதுப்பிப்பு: அண்ணன் செம்புத் தோட்டாவைத்தான் எடுத்தார்

போன மாதம் கேட்டிருந்தேன்: டெக்சாஸில் இருக்கும் அண்ணன் முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகிறார், .308 ரைஃபிளுக்கு ஈயத் தோட்டாவா, செம்பா என்று. இங்கே இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். அங்கே உரிமம் வாங்கிச் சுடலாம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

150 கிரெயின், அதாவது 9.7 கிராம் எடையுள்ள, முழுச் செம்புத் தோட்டாவை எடுத்தார். வீட்டுக் குழந்தைகளை நினைத்துத்தான் அந்த முடிவு. ஈயம் நஞ்சு, அது மானின் உடம்புக்குள் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைத் தாண்டியும் கறியில் கலந்துவிடும். காசிமேட்டில் வலைக்கு ஈயக்குண்டு கோக்கும்போது நகம் பட்டாலே ஈயத்தில் கீறல் விழுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதன் மென்மை எனக்குத் தெரியும்.

செம்பு அப்படி உடையாது. நேற்று வீடியோ காலில், மானின் தோலடியில் கிடைத்த தோட்டாவைக் காட்டினார். முனை நான்கு இதழாக விரிந்திருந்தது, அடிப்பகுதி அப்படியே முழுசாக இருந்தது.

ஆனால் ஒன்று, செம்பு விரிய வேகம் வேண்டும். தூரம் போகப் போக வேகம் குறையும், அதனால் ரொம்பத் தூரத்திலிருந்து சுடக்கூடாது. அண்ணன் 100 கஜத்துக்குள்தான் சுட்டார். தோட்டாவை மாற்றினால் குறியும் மாறும், அதனால் முதலில் அட்டையில் சுட்டு ஸ்கோப்பை, அதாவது ரைஃபிள் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை, சரிசெய்துகொண்டார்.

அப்புறம், தொடைக்கறிக்கு அம்மாவிடம் மிளகு வறுவல் பக்குவம் கேட்டிருக்கிறார்.