மைய விலகல் பொருந்துகிறது. அடுக்குப் பிரிவு மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: பீன்யாவாசி, பெங்களூரு

வணக்கம். பீன்யாவில் ஒரு சிறு நிறுவனத்தில், வெடிப்பைத் தாங்கும் தடுப்புகளுக்கான கண்ணாடி இழை–எபாக்சி பலகைகளை வடிவமைக்கும் பணியில் இருக்கிறேன். 500 மி.மீ. சதுரமும் 4 மி.மீ. தடிமனும் கொண்டு, 0, 45, 90, –45 பாகை வரிசையில் சமச்சீராக 16 அடுக்குகள் இட்ட பலகை ஒன்று திறந்தவெளிச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. அதை எல்எஸ்-டைனா என்ற கணிப்பு மென்பொருளில் மாதிரியாக்கினேன். எல்லா அடுக்குகளும் ஒரே ஷெல் எலிமென்ட்டுக்குள் (பலகையை மெல்லிய பரப்பாகவே கருதும் கணக்கு அலகு) உள்ளன. சுமைக்குக் கான்வெப் (வெடிமருந்தின் எடை, தூரத்திலிருந்து அழுத்தத்தைத் தரும் கணக்குமுறை), சேதத்துக்கு சாங்–சாங் அளவுகோல் (ஓர் அடுக்கின் இழையும் பிசினும் எப்போது முறியும் என்பதற்கானது). மையத்தின் உச்ச விலகல் சோதனையோடு 5 சதவீதத்துக்குள் பொருந்துகிறது. ஆனால் பலகையை அறுத்துப் பார்த்தபோது, சட்டத்தில் இறுக்கிய விளிம்புகளை ஒட்டி அடுக்குகள் பரவலாகப் பிரிந்திருந்தன. என் மாதிரியிலோ அதன் சுவடே இல்லை. மேலாளருக்கு விலகல் வரைபடமே போதும், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

பதில் 1: ஜாலஹள்ளி நண்பர்

அதிர்வலை பலகையின் பின்முகத்தை அடைந்ததும் இழுவை அலையாகத் திரும்புகிறது. அடுக்குகளைப் பிரிப்பது அதுதான். ஷெல்லில் தடிமன் திசைத் தகைவே கிடையாது என்பதால் உங்கள் மாதிரியால் அதைக் காண முடியாது. தடிமனையும் கணக்கில் கொள்ளும் சாலிட் எலிமென்ட்டுக்கு மாறிப் பாருங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற பொறியாளர், அல்சூர்

ஷெல்லைப் பற்றி நண்பர் சொன்னது சரி. இழுவை அலையைப் பற்றிச் சொன்னது இந்தப் பலகைக்குப் பொருந்தாது. தடிமன் திசையில் ஒலி வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் என்றால், அலை போய்த் திரும்ப 4 மைக்ரோவிநாடி ஆகும். காற்றில் வரும் வெடிப்பு அழுத்தம் தணிய நூற்றுக்கணக்கான மைக்ரோவிநாடிகள் ஆவதால், அந்த இடைவெளியில் அது ஓரிரு சதவீதமே குறைகிறது. பின்முகத்தில் எழும் இழுவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். உச்ச அழுத்தம் 10 மெகாபாஸ்கல் என்றாலும் 0.2-ஐத் தாண்டாது, அடுக்கிடைப் பிணைப்போ பத்துகளில் உள்ள மெகாபாஸ்கலைத் தாங்கும். வெடிமருந்து பலகையைத் தொட்டபடி வெடித்தால் கதை வேறு. உங்கள் பலகையில் விளிம்போரம் பிரிந்திருப்பதே, வளைவினால் அங்கே குவியும் சறுக்குத் தகைவைத்தான் காட்டுகிறது.

விலகல் ஏன் பொருந்தியது என்பதுதான் நல்ல கேள்வி. இத்தகைய பலகையின் இயல்பு அலைவுக் காலம், சிறு விலகல் கணக்கில், சுமார் 11 மில்லிவிநாடி வரும். வெடிப்போ ஒரு மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே பலகை அழுத்தத்தின் வடிவத்தை உணர்வதில்லை; கணத்தாக்கை (அழுத்தமும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த மொத்தத் தள்ளலை) பெற்று, தன் நிறைக்கேற்ற வேகத்தோடு கிளம்புகிறது. விலகல் தடிமனைத் தாண்டியதும் அதைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது இழைகளின் இழுவிசை. அடுக்குகள் பிரிந்தால் வளைவு விறைப்பு வெகுவாகக் குறையும், தளத்துக்குள்ளான இழுவிறைப்போ ஏறக்குறைய அப்படியே இருக்கும். மைய விலகலை மட்டும் பார்ப்பவருக்கு அடுக்குப் பிரிவு தெரியவே தெரியாது.

அடுக்குகளுக்கு இடையே கோஹெசிவ் எலிமென்ட் (பிணைப்பு தளர்ந்து பிரிவதைக் கணக்கிடும் அலகு) வையுங்கள். முறிவு ஆற்றலைக் கையேட்டிலிருந்து எடுக்காமல், உங்கள் பலகையிலேயே திறப்பு முறைக்கும் சறுக்கு முறைக்கும் தனித்தனியே சோதித்து எடுங்கள். இரண்டும் சேர்ந்து வரும் கலப்பு நிலைக்கு 1996-இல் வந்த பென்செகா–கெனான் சமன்பாடு போதும். இந்த வகைப் பொருளில் முறிவு மண்டலத்தின் (பிளவின் நுனியில் பிணைப்பு தளரும் பகுதி) நீளம் 3 மி.மீ. அளவே இருக்கும், அதற்குள் மூன்று எலிமென்ட்டாவது வேண்டும் என்றால் மெஷ், அதாவது ஒரு எலிமென்ட்டின் அளவு, 1 மி.மீ. ஆகிவிடும். 16 அடுக்குக்கும் தனித்தனியே போட்டால் 40 லட்சம் எலிமென்ட்டுகள். உங்கள் கணினி தாங்காது. அடுக்குகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, நாலைந்து இடைமுகங்களில் மட்டும் வையுங்கள். நடுத்தளத்தில் ஒரே திசை அடுக்குகள் இரண்டு ஒட்டியிருப்பதால் அங்கே பெரும்பாலும் தேவையில்லை. இடைமுக வலிமையைக் குறைத்து, ஆற்றலை மாற்றாமல், பெரிய மெஷ்ஷைப் பயன்படுத்தும் உத்தி ஒன்று உண்டு. ஆனால் அதில் பிரிவு முன்கூட்டியே தொடங்கிவிடும் என்பதால் உங்கள் கேள்விக்கு அது ஆகாது. 45 பாகை அடுக்குகள் இருக்கையில், பலகையின் கால்பகுதியை மட்டும் கணக்கிடும் கால்பங்கு மாதிரியும் செல்லாது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

பீன்யாவாசி:

நன்றி ஐயா. நான்கு இடைமுகங்களுடன் முழுப் பலகையையும் ஓட்டினேன். விளிம்போரப் பிரிவு அறுத்த துண்டில் உள்ளதைப் போலவே வருகிறது, மைய விலகலோ 2 சதவீதம்தான் மாறியது. ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. சோதனைப் பலகையின் போல்ட் துளைகள் பலகையின் வெளிவிளிம்பை நோக்கி நீண்டிருந்தன. மாதிரியில் விளிம்பை முற்றிலும் நிலைப்படுத்தியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

அப்படியானால் அந்த 5 சதவீதப் பொருத்தத்தையும் நம்பாதீர்கள். விளிம்பு உள்ளே நழுவினால் இழுவிசை தளர்ந்து விலகல் கூட வேண்டும். நழுவாத மாதிரியிலும் அதே விலகல் வருகிறதென்றால், கான்வெப்புக்குக் கொடுத்த எடையிலோ தூரத்திலோ எங்கோ கணத்தாக்கு கூடியிருக்கலாம். சட்டத்தையும் போல்ட்டுகளையும் உராய்வுத் தொடர்போடு மாதிரியாக்கி, சோதனையில் அழுத்தமானி பதிவு செய்திருந்தால் அந்த வளைகோட்டின் பரப்பை, அதாவது கணத்தாக்கை, முதலில் ஒப்பிடுங்கள்.