பெரிய வீட்டு குரூப்: கூலரா, ஏசியா?

லாஸ்பேட்டை சித்தி: கத்திரி முடிகிற வரைக்கும் தாங்காது போலிருக்கு. ஏர் கூலர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வேலூர் அக்கா: கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சித்தி. எங்க வீட்டில் அதுதான். மத்தியானத்தில்கூட சில்லென்று காற்று வரும்.

முதுநகர் மாமா: வாங்காதே. வேலூர் வேறு, பாண்டி வேறு.

லாஸ்பேட்டை சித்தி: வெயில் அங்கேதானே அண்ணே அதிகம்?

முதுநகர் மாமா: வெயில் அதிகம்தான், ஆனால் காய்ந்த காற்று. கூலரில் தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. ஒரு லிட்டர் ஆவியாகச் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும், அதைக் காற்றிடமிருந்துதான் எடுக்கும். நம்ம கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம். தண்ணீர் லேசில் ஆவியாகாது. புழுக்கம்தான் கூடும்.

கோபி: மழை நாளில் கொடியில் போட்ட துணி மாதிரி அம்மா.

வேலூர் அக்கா: சரி, கூலரில் ஐஸ் போட்டால்? மீன்பிடித் தடைக்காலம்தானே, மாமாவோட ஐஸ் கம்பெனியில் ஐஸ் சும்மா கிடக்குமே 😄

முதுநகர் மாமா: ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரிதான் எடுக்கும். ஒரு லிட்டர் ஆவியாகிற வேலையை ஐஸ் செய்ய ஏழு கிலோவுக்கு மேல் வேண்டும். ஃப்ரிட்ஜ் ஐஸ் என்றால் இன்னும் வேடிக்கை. தண்ணீரை உறைய வைக்க எடுத்த வெப்பத்தை அது உங்க வீட்டுக்குள்ளேயேதானே விடுகிறது!

லாஸ்பேட்டை சித்தி: அப்போ ஏசிதான். கடைக்காரர் ஒன்றரை டன் என்கிறார். அவ்வளவு கனத்தைச் சுவர் தாங்குமா?

கோபி: 🤣🤣🤣

முதுநகர் மாமா: சிரிக்காதே டா. அந்த டன் ஐஸ் கணக்கில் வந்தது. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன். ஒன்றரை டன் ஏசி நாள் முழுக்க ஓடினால் எங்க கம்பெனி 50 கிலோ ஐஸ் பாரில் 27 பார் உருகின மாதிரி.

வேலூர் அக்கா: 27 பாரா! கரண்ட் பில்லையும் சொல்லிடுங்க மாமா.

முதுநகர் மாமா: அது ஜன்னலைப் பொறுத்தது. காற்றிலிருக்கிற ஈரம் ஏசிக்குள்ளே குளிர்ந்திருக்கிற குழாய்ச் சுருளில், அதாவது காயிலில் பட்டுத் தண்ணீராகும்போது, ஆவியானபோது எடுத்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதையும் ஏசிதான் வெளியே தள்ளணும். ஜன்னலைத் திறந்து வைத்தால் கடல் ஈரம் வந்துகொண்டே இருக்கும், மிஷின் அதோடேயே மல்லுக்கட்டும். பாண்டியில் ஏசி குழாயில் அவ்வளவு தண்ணீர் வடிவது இதனால்தான்.

லாஸ்பேட்டை சித்தி: அந்தத் தண்ணீரை இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று மாடி வீட்டம்மா சொல்றாங்க.

முதுநகர் மாமா: வேண்டவே வேண்டாம். காயிலில் இருக்கிற தூசி, உலோகம் எல்லாம் கலந்திருக்கும். கடையில் விற்கிற பேட்டரி தண்ணீரே ஊற்று. ரூம் என்ன அளவு?

லாஸ்பேட்டை சித்தி: பத்துக்குப் பன்னிரண்டு. மேலே வீடு இருக்கு, மொட்டை மாடி இல்லை.

முதுநகர் மாமா: அப்போ ஒரு டன் போதும். ஒன்றரைக்குப் பணத்தைக் கொட்டாதே.